பனிக்கடலில் பெய்த மழை

இந்தச் செப்டம்பரில் ஒரு செய்தி படித்தேன். ரஷ்யாவுக்கு வடக்கே இருக்கும் பனிக்கடல் வழியாக இரண்டு சரக்குக் கப்பல்கள் ஆசியாவிலிருந்து புறப்பட்டு ஐரோப்பா போயிருக்கின்றன. வடதுருவப் பனி கோடையில் உருகி உருகிக் குறைந்துகொண்டே வருவதால், சூயஸைச் சுற்றாமல் போகும் குறுக்கு வழியாக அது மாறலாம் என்று எழுதியிருந்தார்கள். நம் பக்கத்துக் கடலில் மணலை வாரி வழி வெட்டலாமா கூடாதா என்று வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அங்கே யாரும் வெட்டாமலே வழி திறக்கிறது.

செய்தி வந்த வாரமே பரமக்குடி முருகேசன் போன் செய்தார். எங்கள் மாவட்டத்திலிருந்து கப்பலுக்குப் போனவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறோம். அதற்குப் பொறுப்பானவர் அவர். இப்போது செகண்ட் ஆபீசராக இருக்கிறார்.

“அண்ணே, ஐஸ்ல கப்பல் ஓட்டுனவங்க நம்ம ஜில்லால நீங்கதான் இருக்கீங்க. அந்த ரூட்டு தெறந்தா நம்ம பயலுகளுக்கு நெறைய வேலை வரும். ‘ஐஸ் கண்ணு’ன்னு ஒங்களச் சொல்வாங்களாமே, அதை எழுதிக் குடுங்கண்ணே.”

சரி என்றேன். போனை வைத்த பிறகு மனம் கூசியது. அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது, பிறகு என்ன ஆனது என்பதைச் சேர்த்து எழுதாவிட்டால் இந்த மலரில் என் கட்டுரை இருப்பதில் அர்த்தமில்லை.

என் ஊர் கமுதிக்குத் தெற்கே. மிளகாயும் பருத்தியும் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம். எங்கள் வீட்டில் யாரும் கடலில் கால் வைத்தவர்கள் இல்லை. 1974இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டு சென்னைக்குப் போனேன், அங்கிருந்து பம்பாய்க்கு. பயிற்சி, தகுதிச் சான்று, காத்திருப்பு, வாந்தி எல்லாம் சேர்ந்து இரண்டரை ஆண்டுகள் ஓடின. அவற்றைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் சுக்கானியானேன். கப்பலின் சுக்கானைப் பிடிப்பவன், மற்ற வேளைகளில் வெளியே நின்று கடலைக் கவனிப்பவன். ஓய்வு பெறும்வரை அதே வேலைதான்.

1982 ஜூலையில் நான் இருந்த கப்பல் கோதுமை ஏற்றுவதற்காகக் கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் இருக்கும் சர்ச்சில் துறைமுகத்துக்குப் போனது. அந்தத் துறைமுகம் அப்போது ஆண்டில் சுமார் மூன்று மாதம்தான் கப்பலுக்குத் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் பனி. திறக்கும் சமயத்தில் முதலில் போய்ச் சேரும் கப்பல்கள், கரையாமல் மிச்சமிருக்கும் பனிப்பாளங்களுக்கு நடுவே வழி தேடிக்கொண்டுதான் போகவேண்டும்.

எங்கள் கேப்டன் மிராண்டா, தூத்துக்குடிக்காரர். குள்ளமான மனிதர். கறுப்புக் கம்பளிக் குல்லாய் ஒன்றைக் காதுவரை இழுத்துவிட்டிருப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கடல் வரைபடங்களை விரித்துவைக்கும் சார்ட் மேஜையை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். பனிக்குள் நுழையும்போது வேகத்தைக் கொன்றுவிடுவார். பாளத்தை முட்டும்போது நேராக முட்டவேண்டும், சாய்வாக உரசக் கூடாது. உள்ளே புகுந்த பிறகு நிற்கக் கூடாது, நின்றால் பின்பக்கம் பனி மூடிக்கொள்ளும். கப்பலைப் பின்னுக்கு எடுக்கும்போது சுக்கான் நடுவிலேயே இருக்கவேண்டும், கொஞ்சம் திரும்பியிருந்தாலும் பனி அதை ஒடித்துவிடும். ஒவ்வொரு கட்டளையையும் நான் திருப்பிச் சொல்லவேண்டும். செய்து முடித்த பின் மறுபடி சொல்லவேண்டும். நான் சொல்ல மறந்தால் அவர் அடுத்த கட்டளை கொடுக்கமாட்டார். காத்திருப்பார். 

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. முடிவெடுக்கும் முன், கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையான பிரிட்ஜில் இருக்கும் எல்லோரிடமும் கேட்பார், “நீ என்ன பாக்குத?” என்ன நினைக்கிறாய் என்று கேட்கமாட்டார். பதிலில் ஒரு வார்த்தை கூடிவிட்டால் மேஜையில் தட்டு விழும்.

அந்தப் பயணத்தில், விரிகுடாவுக்கு வாசலான ஹட்சன் நீரிணையில், பனிக்குள் நாங்கள் மாட்டிக்கொண்டோம். நாலாபுறமும் வெள்ளை. மேகம் கொடிமரத்தைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்து கிடந்தது, அதுவும் வெள்ளை. கனடா அரசின் பனி உடைக்கும் கப்பல் வேறு பக்கம் போயிருந்தது. நாங்கள் காத்திருந்தோம். நான் பிரிட்ஜின் வெளித்தளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது இடப்பக்கம் தூரத்தில், மேகத்தின் அடிவயிற்றில், கரியைத் தேய்த்துவிட்டது போல ஒரு கறுப்பு தெரிந்தது.

நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. ஐப்பசியில் வரப்பில் நின்று வடகிழக்கைப் பார்க்கும் எங்கள் அய்யாவின் உடம்பு எனக்குள் வந்துவிட்டது. கையை நீட்டிக் கத்தினேன்.

“மழை! சார், மழை வருது!”

கீழே தளத்தில் நின்றிருந்த சாரங்கு சவரிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். சாரங்கு என்றால் தள ஆட்களுக்கெல்லாம் தலைவர். காரங்காட்டுக்காரர், கடலிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

“ஏலே, இங்கன வந்தும் மழை கேக்குறியே! கமுதிக்காரன் புத்தி போகுதா பாரு! ஐஸ்ல மொளகா போடப் போறியா?”

கேப்டன் வெளியே வந்தார். சிரிக்கவில்லை. பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தார். உள்ளே போய் எஞ்சினை ஓட்டச் சொன்னார். கப்பல் அந்தக் கறுப்பை நோக்கித் திரும்பியது. பாளங்களை முட்டி முட்டி, பின்வாங்கி, மறுபடி முட்டி நாங்கள் அந்த இடத்துக்குப் போனபோது அங்கே மழை இல்லை. கறுத்த, அகலமான, திறந்த தண்ணீர் இருந்தது. அதுவே எங்களை விரிகுடாவுக்குள் கொண்டுபோய்விட்டது.

பனிக்கு மேலே இருக்கும் மேகத்தின் அடிப்பகுதி பனியின் வெளிச்சத்தால் வெளுத்துத் தெரியும் என்றும், திறந்த தண்ணீருக்கு மேலே அது கறுத்துத் தெரியும் என்றும் பிறகுதான் படித்தேன். அந்தப் பிரதேசத்தில் மழை எங்கள் ஊரைவிடக் குறைவு என்றும் படித்தேன். அது ஒரு குளிர்ந்த பொட்டல். இராமநாதபுரத்துக்காரன் அல்லாத ஒருவன் அந்த வானத்தைப் பார்த்து அப்படிக் குதித்திருக்கமாட்டான்.

அன்று சாப்பாட்டு அறையில் கேப்டன் எல்லோர் முன்னும் சொன்னார், “இன்னைக்கு வழி காட்டுனது இவன்தான்.”

எனக்குக் கூச்சமாகிவிட்டது. “சார், நான் மழைன்னுதான் சொன்னேன்” என்றேன்.

“தெரியும்ல. மழைன்னு சொன்னது தப்பு. தண்ணின்னு சொல்லியிருந்தாலும் தப்புதாம்டே. கறுப்பா இருக்குன்னு சொல்லணும், எந்தப் பக்கம்னு சொல்லணும். மிச்சம் என் வேலை.” மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு மீன்குழம்பை என் பக்கம் தள்ளினார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் சவரிமுத்து.

அவர்தான் எனக்கு ‘மழைக்காரன்’ என்று பெயர் வைத்தார். கப்பல் கப்பலாகக் கதையை விரித்தார். கதை போகப் போக என் கத்தல் அதிலிருந்து உதிர்ந்துபோனது. ‘ஐஸ் கண்ணு’ மட்டும் மிஞ்சியது. கம்பெனியில் வடக்கே போகும் கப்பல் என்றால் என்னைக் கேட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை எப்படி மறைப்பது? புத்தகங்கள் வாங்கினேன். பனியின் வகைகளைப் படித்தேன். முதலில் ‘கறுப்பு’ என்றேன், பிறகு ‘கறுப்பு, தண்ணி மாதிரி இருக்கு’ என்றேன், அப்புறம் ‘தண்ணி’ என்றே சொல்லத் தொடங்கினேன். பெரும்பாலும் தண்ணீராகவே இருந்தது. கேப்டன் மிராண்டாவோடு போன கடைசிப் பயணத்தில் ஒருமுறை அப்படிச் சொன்னபோது அவர் மேஜையைத் தட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தட்டாகவே நான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். 1993இல் அவர் ஓய்வு பெற்றார். அதன்பின் என்னைத் திருத்த யாரும் இல்லை. என்னிடம் கேட்டுக்கொள்ளத்தான் ஆட்கள் இருந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் பனி மாறிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகள் பழையபடி இருக்கும், சில ஆண்டுகள் எங்கே போனது என்று தேடவேண்டியிருக்கும். எனக்குத் தேதி குறித்துவைக்கும் வழக்கம் உண்டு. நாங்கள் உள்ளே நுழையும் தேதி முன்னால் நகர்ந்துகொண்டே வந்ததைக் கவனித்தேன். கவனித்ததை, நம் கப்பல் முன்னேறுகிறது என்ற கணக்கில்தான் எழுதிக்கொண்டேன். பனி குறைந்தால் வானம் மாறும், வானம் மாறினால் நான் படித்துவைத்திருப்பது செல்லாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2006 ஜூன் கடைசியில், முன்பெல்லாம் யாரும் நுழையத் துணியாத சமயத்தில், ஹட்சன் நீரிணைக்குள் நுழைந்தோம். கேப்டன் அரோரா, முப்பத்தைந்து வயதுக்காரர், கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். சவரிமுத்துதான் சாரங்கு. எங்கள் இருவருக்கும் அது கடைசிப் பயணங்களில் ஒன்று.

பனி பட்டை பட்டையாக, விட்டுவிட்டு மிதந்தது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். சுக்கானில் நான். வெளித்தளத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் மாலுமி உள்ளே தலையை நீட்டி, வலப்பக்கம் வானம் கறுப்பாக இருக்கிறது என்றான். அவ்வளவுதான் சொன்னான். கேப்டன் மிராண்டா இருந்திருந்தால் அவனுக்கு மீன்குழம்பு கொடுத்திருப்பார்.

கேப்டன் அரோரா பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சுக்கான் பிடிப்பவன் பதில் சொல்லவேண்டிய கேள்வி அல்ல அது. நான் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தேன்.

“திறந்த தண்ணீர், சார்.”

அவர் பாதையை மாற்றினார். தண்ணீர் திறந்திருக்கிறது என்பதால் வேகத்தையும் கொஞ்சம் கூட்டினார்.

அப்போது சவரிமுத்து பிரிட்ஜில் இருந்தார். பனியில் போகும்போது கப்பலின் மூக்கில் இருக்கும் தொட்டியை அடிக்கடி அளந்து பார்க்கவேண்டும், எங்காவது ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறுகிறதா என்று. ஒரு இரும்புக் கம்பியில் சாக்பீஸைத் தேய்த்துக் குழாய்க்குள் இறக்குவார்கள். எதுவரை சாக்பீஸ் நனைந்திருக்கிறதோ அதுவரை தண்ணீர். சாரங்கு யாரையாவது அனுப்பலாம். சவரிமுத்து தானே போவார்.

கையில் கம்பியோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏலே மழைக்காரா, அங்கன தெரியுறது மழையா? மழைன்னா இருந்து போறேன். சாக்பீஸ் நிக்காது.”

“தண்ணிதாண்ணே. போயிட்டு வாங்க.”

“நீ சொன்னாச் சரி. போய்ட்டு வாரேன், டீயக் குடிச்சுப்புடாத.” தன் டம்ளரைத் தட்டால் மூடிவைத்துவிட்டுப் போனார்.

அவர் கப்பலின் மூக்குக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. பிறகு ஜன்னல் முழுவதும். அது மழை. கமுதியில் பெய்தால் ஊரே தெருவுக்கு வந்துவிடும், அப்படிப்பட்ட மழை. பனிப்பாளங்களின்மேல் அது விழுந்து தெறித்தது. மண்வாசனை இல்லாத மழையை அன்றுதான் பார்த்தேன். ராடார் திரை முழுக்க மழையின் புள்ளிகள் நிறைந்தன. அதற்குள் பனிக்கட்டி எது, மழை எது என்று பிரிக்க முடியவில்லை. கேப்டன் வேகத்தைக் குறைக்கக் கட்டளை கொடுத்தார். கப்பல் உடனே நிற்கிற பொருள் அல்ல.

பழைய பனி ஒன்று இருந்திருக்கிறது. பல ஆண்டுகள் உருகாமல் கல்லாகிப்போனது, தண்ணீருக்கு மேலே தலையை மட்டும் காட்டுவது. அதில் வலப்பக்கத்து மூக்கு மோதியது. என் கை சுக்கானிலிருந்து வழுக்கியது. மூடிவைத்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

சவரிமுத்து, நங்கூரச் சங்கிலியை இழுக்கும் எந்திரத்தின்மேல் போய் விழுந்திருந்தார். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. கப்பலுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஓட்டைகூட இல்லை. அவர் அளக்கப் போன தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

கடலோரக் காவல் ஹெலிகாப்டர் வரும்வரை அவரை ஸ்ட்ரெச்சரில் கட்டி வைத்திருந்தோம். சுக்கானை மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடினேன். அவர் முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

“ஏலே மழைக்காரா… கடைசில பெய்ய வச்சுட்டியேடா.”

எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தைரியப்படுத்துவதற்காக. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கிறது.

கம்பெனி விசாரித்தது. பாதையை மாற்றியது கேப்டனின் முடிவு, மோதியது மழையில் தெரியாத பனி என்று முடிந்தது. கேப்டன் அரோரா என் பெயரை இழுக்கவே இல்லை. நான் சொன்னேன், நான் சொன்னதை வைத்துத்தான் சார் திருப்பினார் என்று. விசாரித்தவர், சுக்கானியின் கருத்து ஒரு கருத்துதான் என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அது விடுதலை மாதிரி இல்லை. என் வார்த்தைக்கு எடையே இல்லை என்று ஒரு காகிதம் சொல்கிறது. அதே வார்த்தையின் எடையில்தான் ஒரு மனிதர் மழைக்குள் நடந்து போனார்.

2007இல் ஓய்வு பெற்றேன். அன்றிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காரங்காட்டுக்குப் போகிறேன். பேருந்தை விட்டு இறங்கும்போதெல்லாம் திரும்பிவிடலாமா என்று இருக்கும். சவரிமுத்து என்னை எப்போதும் ஒரே மாதிரித்தான் வரவேற்பார், “வாலே மழைக்காரா, கொடை கொண்டாந்தியா?” ஊன்றுகோல் இரண்டு இருந்தும் அவரால் பத்தடிக்கு மேல் நடக்க முடியாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் ஒருமுறை கோபித்திருந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் போனேன், முருகேசன் கேட்டதைச் சொல்ல. செய்தித்தாளையும் கொண்டுபோயிருந்தேன். வாசித்துக் காட்டினேன்.

“அப்ப இனிமே அங்கன ஐஸே இருக்காதா?”

“கோடையில கொறையும்ங்கறாங்க. முழுசாப் போக இன்னும் வருசமாகும்னு ஒருத்தர் எழுதுறார், சீக்கிரமே போயிரும்னு இன்னொருத்தர் எழுதுறார்.”

“வழி தெறந்தா நல்லதுதானப்பா. நம்ம பயலுக சம்பாதிக்கட்டும்.” ஊன்றுகோலை நகர்த்தி வைத்தார். “ஆனா பாதி ஐஸு, பாதித் தண்ணி, மேல மழைன்னு கெடக்குமே, அதுதான் மோசம். முழு ஐஸா இருந்தப்ப எவனும் வேகமாப் போகலை.”

“அண்ணே, ஒங்களுக்கு நடந்ததையும் எழுதணும்.”

“எழுதேன். ஹெலிகாப்டர்ல போனதை நல்லா எழுது. காரங்காட்டுல வேற எவன் போயிருக்கான்?”

சவரிமுத்துவின் மனைவி மேரி மதினி வாசல் மணலில் கருவாடு விரித்திருந்தார். நெத்திலியும் காரலும். அதைத்தான் இப்போது அவர் சந்தைக்குக் கொண்டுபோகிறார், சவரிமுத்து விழுந்த பிறகு. அலையாத்திக் காட்டுக்கு அப்பால் வானம் இருண்டுகொண்டு வந்தது. நனைந்தால் அத்தனையும் வீண். அள்ளிவிட்டு மழை வராவிட்டால் அரைகுறையாகக் காய்ந்து நாறும். மதினி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

“தம்பி, நீங்கதான் வானம் பாக்குறவுக. மழையா அது? அள்ளிறவா?”

நாற்காலியிலிருந்து ஏதாவது கேலி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. திரும்பிப் பார்க்க முடியாமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வடக்க கறுப்பா இருக்கு மதினி” என்றேன். “அவ்வளவுதான் தெரியுது.”

மதினிக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. சவரிமுத்துவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கேப்டன் மிராண்டாவின் சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த முகம்தான். அதில் சிரிப்பு இல்லை. அவர் என்னையும் பார்க்கவில்லை, மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கையின் விரலால் நாற்காலிச் சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

“அள்ளு மேரி” என்றார்.

நான் குனிந்து அள்ளத் தொடங்கினேன்.